விழுந்துகொண்டே இருப்பவை

புத்தளம் களப்பு வடக்கே கடலோடு கலக்கும் பக்கத்தில் இருக்கிறது கரைத்தீவு. அங்கே ஒரு தெருவால் நடந்து போகும்போது கூரைகளில் இருக்கும் டிஷ்களைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளூர்ச் சேவை எடுத்த வீடுகளில் எல்லா டிஷ்களும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். மேற்கே, கடலுக்கு மேலே, பாதி வானம் அளவு உயரத்தில் ஒரு புள்ளி அது. இந்தியச் சேவை எடுத்த வீடுகளின் டிஷ் பார்ப்பது கிழக்குப் பக்கத்தில், உச்சிக்குக் கிட்டவாக உள்ள வேறொரு புள்ளியை. பொருத்த வந்தவர் ஒருநாள் கூரையில் ஏறி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, படம் தெளிந்ததும் ஆணியை இறுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. கச்சான் காற்று அடித்து அசைத்துவிட்டால்தான் மறுபடி ஆளைக் கூப்பிட வேண்டும்.

அந்தப் புள்ளியில், கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், சில தொன் எடையுள்ள ஒரு செய்மதி இருக்கிறது. கயிறு இல்லை, தூண் இல்லை. பிறகு எப்படி அது கீழே விழாமல் நிற்கிறது? பிள்ளைகள் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பெரியவர்களில் பலர் சொல்லும் பதில், "அங்கே ஈர்ப்பு விசை இல்லை" என்பதுதான். அந்தப் பதில் பிழை. சரியான பதிலை முதன்முறை கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும்: அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் அந்தப் பிழையைப் பார்ப்போம். சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் தூரத்தை விட அது அதிகம் இல்லை. பூமியின் ஈர்ப்பை அளப்பது பூமியின் மையத்திலிருந்துதான். மையத்திலிருந்து நாம் நிற்கும் தரைக்கே 6,371 கிலோமீற்றர். அதோடு இன்னுமொரு 400 சேர்ந்தால் ஈர்ப்பு எவ்வளவு குறையும்? கணக்குப் பார்த்தால், தரையில் உள்ளதில் 88 சதவீதத்துக்கு மேல் அங்கேயும் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் ஒருவர் நிற்க முடிந்தால், இங்கே 50 கிலோ காட்டும் தராசு அங்கே 44 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார். கோபுரத்திலிருந்து கால் வழுக்கினால் விழுவார்.

இப்போது தரைக்கு வருவோம். 20 மீற்றர் உயரமான தென்னையிலிருந்து ஒரு தேங்காய் கழன்று விழுகிறது. முதல் செக்கனில் அது ஏறத்தாழ 5 மீற்றர் இறங்கும், துல்லியமாகச் சொன்னால் 4.9. இரண்டாவது செக்கன் முடியும்போது மொத்தம் 20 மீற்றர் இறங்கி மணலில் கிடக்கும். நேரம் இரண்டு மடங்கானால் விழும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. அதே மரத்தின் உச்சியில் ஏறி நின்று, ஒரு கல்லைக் கடல் பக்கமாக மட்டமாக வீசினாலும் அதுவும் அதே இரண்டு செக்கனில்தான் கீழே வந்து சேரும். எவ்வளவு பலமாக வீசினாலும் அப்படித்தான். பக்கவாட்டில் போகும் வேகம் கல்லைத் தூரமாகக் கொண்டுபோகுமே தவிர, விழுவதைத் தாமதப்படுத்தாது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இன்னொரு விடயம், கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளம் வெளியே போகப் போக முதலில் கரையின் மணல் மறையும், பிறகு வாடிகள் மறையும், தென்னைகளின் தலைகள் மட்டும் கடைசிவரை நிற்கும். 20 கிலோமீற்றர் அளவில் அவையும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். திரும்பி வரும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். கடலின் மேற்பரப்பு வளைந்திருக்கிறது, அதனால்தான். எவ்வளவு வளைவு? தண்ணீர் மட்டத்தில் கண்ணை வைத்து நேராகப் பார்த்தால், 8 கிலோமீற்றருக்கு அப்பால் கடல் நம் பார்வைக் கோட்டிலிருந்து 5 மீற்றர் தாழ்ந்திருக்கும். 16 கிலோமீற்றருக்கு அப்பால் 20 மீற்றர். தூரம் இரண்டு மடங்கானால் தாழ்வு நான்கு மடங்கு.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு செக்கனில் 5 மீற்றர், இரண்டு செக்கனில் 20 மீற்றர் என்று பொருள் விழுகிறது. 8 கிலோமீற்றரில் 5 மீற்றர், 16 கிலோமீற்றரில் 20 மீற்றர் என்று கடல் தாழ்கிறது. அப்படியானால், ஒரு செக்கனுக்கு 8 கிலோமீற்றர் என்ற வேகத்தில் ஒரு கல்லை மட்டமாக வீசினால் என்ன ஆகும்? முதல் செக்கனில் கல் 5 மீற்றர் விழும். அதற்குள் கீழே உள்ள கடலும் 5 மீற்றர் தாழ்ந்துவிடும். கல்லுக்கும் கடலுக்கும் உள்ள இடைவெளி மாறாது. அடுத்த செக்கனிலும் அதே கதை, அதற்கடுத்த செக்கனிலும் அதே கதை. கல் ஓயாமல் விழும். ஆனால் தரையை ஒருபோதும் அடையாது. ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில் அது பூமியைச் சுற்றிக்கொண்டு வீசியவரின் முதுகுப் பக்கமாக வந்து சேரும். துல்லியமான வேகம் செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர்.

கடல் மட்டத்தில் இதைச் செய்ய முடியாது, காற்று விடாது. கல் சில செக்கனுக்குள் எரிந்து போகும். அதனால்தான் செய்மதிகளைக் காற்று மிக மெலிந்துபோன உயரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உயரே கொண்டுபோவது காற்றிலிருந்து தப்புவதற்காக. ஈர்ப்பிலிருந்து தப்புவதற்காக அல்ல. ஒரு மலை உச்சியில் பீரங்கியை வைத்து மேலும் மேலும் வேகமாகச் சுட்டால் குண்டு ஒரு கட்டத்தில் பூமியைச் சுற்றத் தொடங்கும் என்று நியூட்டன் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அதைச் செய்து காட்ட, 1957இல் ஸ்புட்னிக் செய்மதி ஏறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பதன் காரணமும் இதுவே. நிலையம் விழுகிறது, உள்ளே இருப்பவரும் விழுகிறார், அவர் கையிலிருந்து நழுவிய பேனாவும் விழுகிறது. எல்லாம் ஒரே அளவில் விழுவதால் ஒன்றின்மேல் ஒன்று அழுத்துவதில்லை. எடை என்று நாம் உணர்வது தரை நம்மைத் தாங்கும் அழுத்தத்தை. தாங்க ஒன்றும் இல்லாதபோது அந்த உணர்வும் இல்லை.

பாடசாலையில் பலர் இதை வேறுவிதமாகப் படித்திருப்பீர்கள்: ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, மையநீக்க விசை வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமப்படுவதால் செய்மதி நிற்கிறது என்று. பரீட்சைக்கு அது உதவலாம். விளங்கிக்கொள்ள அது இடைஞ்சல் என்றே நான் நினைக்கிறேன். இரண்டு விசைகள் உண்மையிலேயே சமப்பட்டால் பொருள் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வளையக் காரணமே இல்லை. செய்மதி வளைந்து போகிறது என்பதே அதன்மீது வேலை செய்வது ஒரே ஒரு விசை என்பதற்குச் சாட்சி. அது நேராகப் போகப் பார்க்கிறது. ஈர்ப்பு ஒவ்வொரு கணமும் அதன் பாதையைப் பூமிப் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

சந்திரனும் இப்படியே விழுகிறது. பூமியின் ஆரையைப் போல 60 மடங்கு தூரத்தில் அது இருப்பதால், அங்கே பூமியின் ஈர்ப்பு 60 தர 60, அதாவது 3,600இல் ஒரு பங்கு. எனவே ஒரு செக்கனில் அது நம் பக்கமாக விழுவது ஒன்றரை மில்லிமீற்றர் கூட இல்லை. ஆனால் ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தால்? நிமிடத்துக்கு 60 செக்கன். விழும் தூரம் நேரத்தின் வர்க்கமாகக் கூடும் என்பதால் 3,600 மடங்கு. ஆக, தேங்காய் ஒரு செக்கனில் விழும் அதே 4.9 மீற்றரைத்தான் சந்திரன் ஒரு நிமிடத்தில் விழுகிறது. தோப்பில் காய் விழுவதும் வானத்தில் நிலா சுற்றுவதும் ஒரே சட்டம் என்று நியூட்டன் 1687இல் தன் புத்தகத்தில் அடித்துச் சொன்னது இந்தக் கணக்கின் பலத்தில்தான். மண்ணுக்கு ஒரு விதி, விண்ணுக்கு வேறு விதி என்று அதுவரை ஆயிரக்கணக்கான வருடங்களாக இருந்த எண்ணம் அந்தப் புத்தகத்தோடு முடிந்தது.

கோள்களுக்கு இதை நீட்டுவது சுலபம். பூமி செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடுகிறது. அந்த ஒரு செக்கனில் சூரியன் பக்கமாக விழுவது 3 மில்லிமீற்றர் மட்டும். ஓடும் வேகத்துக்கு எந்த எஞ்சினும் இல்லை, தேவையும் இல்லை. தடுக்க அங்கே காற்று இல்லாததால் வேகம் தானாகக் குறைவதில்லை. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சுழன்றுகொண்டிருந்த வாயு, தூசு மேகத்திலிருந்து சூரியனும் கோள்களும் உருவானபோது கிடைத்த பக்கவாட்டு வேகம்தான் இன்னும் ஓடுகிறது. அந்த வேகம் போதாமல் இருந்தவை அப்போதே சூரியனுக்குள் போய்விட்டன. பாதை சரியான வட்டமும் அல்ல, சற்று நீண்ட வளையம். ஜனவரி தொடக்கத்தில் நாம் சூரியனுக்கு 14.7 கோடி கிலோமீற்றரில் இருப்போம், ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடியில். கிட்ட வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும்.

கிட்ட இருப்பது வேகமாகவும் எட்ட இருப்பது மெதுவாகவும் ஓடும் என்பதற்கு வானியலாளர் கெப்ளர் 1619இல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலத்தின் வர்க்கமும், தூரத்தின் கனமும் ஒரே விகிதத்தில் மாறும். கேட்க வறட்சியாக இருக்கும். ஆனால் இதைக்கொண்டு உங்கள் கூரையில் உள்ள டிஷ் பார்க்கும் செய்மதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பஞ்சாங்கத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

அசுவினி முதல் ரேவதி வரை நட்சத்திரங்கள் 27. சந்திரன் வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட நட்சத்திரத்துக்கே திரும்ப 27 நாளும் சில மணித்தியாலமும் ஆவதால்தான் அந்த எண். நாளுக்கு ஒரு நட்சத்திரம். (பிறை பார்ப்பவர்கள் 29 அல்லது 30 நாள் எண்ணுவது வேறு கணக்கு. சந்திரன் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சத் தூரம் போய்விடுகிறது. அதை எட்டிப் பிடிக்க மேலும் இரண்டு நாள் வேண்டும்.) இப்போது, டிஷ் பார்க்கும் செய்மதி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிய வேண்டுமானால், பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் அதுவும் பூமியை ஒருமுறை சுற்ற வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு சுற்று. சந்திரனுக்கு 27 நாள், இதற்கு ஒரு நாள். 27இன் வர்க்கம் 729. எதன் கனம் 729? 9 தர 9 தர 9. ஆக, செய்மதி இருக்க வேண்டிய தூரம் சந்திரனின் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. சந்திரன் 3,84,400 கிலோமீற்றரில் இருக்கிறது. ஒன்பதால் வகுத்தால் 42,700 வருகிறது. உண்மையான அளவு, பூமியின் மையத்திலிருந்து 42,164 கிலோமீற்றர். 27 நாளுக்கு மேல் விட்ட சில மணித்தியாலங்கள்தான் பெரும்பாலும் அந்தச் சிறு வித்தியாசம். தரையிலிருந்து பார்த்தால் 35,786 கிலோமீற்றர் உயரம். இதைவிடத் தாழ்வாக இருந்தால் அது பூமியை முந்திக்கொண்டு ஓடும், உயரமாக இருந்தால் பின்தங்கும். பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே, இந்த ஒரே வளையத்தில் மட்டுமே ஒரு செய்மதியால் நம் தலைக்கு மேல் அசையாமல் நிற்க முடியும். நிற்கிறது என்று நாம் சொல்லும் அந்தச் செய்மதி உண்மையில் செக்கனுக்கு 3 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வளையத்துக்கு இலங்கையோடு நெருங்கிய சொந்தம் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற ஆங்கில இதழில், இந்த உயரத்தில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 27 வயது. பிரித்தானிய விமானப்படையில் ராடார் வேலையில் இருந்தார். பதினொரு ஆண்டு கழித்து, கடலடியில் சுழியோடும் ஆசையில் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் எழுதியபடி ஒரு செய்மதி, சின்கொம்-3, 1964 ஆகஸ்டில் அந்த வளையத்தில் போய் அமர்ந்தது; அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் படங்களை அது அமெரிக்காவுக்கு அனுப்பியது. அந்த வளையத்தைக் கிளார்க் சுற்றுப்பாதை என்று இன்றும் அழைக்கிறார்கள்.

வள்ளத்தில் வைத்திருக்கும் ஜீபீஎஸ் கருவி கேட்பது வேறு செய்மதிகளின் குரலை. அவை 20,200 கிலோமீற்றர் உயரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுச் சுற்றுகின்றன. அவை நிற்பதில்லை, ஒன்று அடிவானத்தில் இறங்க இன்னொன்று ஏறும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாம் தரையில் பழகிய புத்தி இங்கே அப்படியே கவிழ்கிறது. சுற்றுப்பாதையில் இருக்கும் ஒரு பொருளை முன்னோக்கி இழுத்தால் அது பின்தங்கும். பின்னோக்கி இழுத்தால் முந்தும். காரணம் இதுவே: முன்னோக்கி இழுபடும் பொருளுக்குச் சக்தி கூடுகிறது, அது உயரே ஏறுகிறது. உயரே உள்ள பாதை நீளமானது, அங்கே வேகமும் குறைவு. ஆகவே மொத்தத்தில் தாமதமாகிறது. பின்னோக்கி இழுபடும் பொருள் சக்தியை இழந்து தாழ்கிறது. தாழ்ந்த பாதையில் வேகம் அதிகம்.

இலங்கையின் முதல் செய்மதி இதற்கு நல்ல உதாரணம். இராவணா-1, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மொறட்டுவையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே இருவரும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இதைச் செய்தார்கள். 2019 ஏப்ரல் 17இல் அமெரிக்காவின் வெர்ஜீனியாவிலிருந்து சரக்குக் கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17இல் அங்கிருந்து வெளியே விடப்பட்டது. நேபாளத்தின் முதல் செய்மதியும் அதோடு கூடவே வெளியேறியது. 400 கிலோமீற்றர் உயரத்தில் காற்று இல்லை என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு சுற்றிலும் இராவணா-1ஐப் பின்னோக்கி உரசியது. அது தாழ்ந்தது. தாழ்ந்ததால் வேகம் கூடியது. வேகம் கூடி, அடர்ந்த காற்றுக்குள் வந்து, உரசல் இன்னும் கூடி, மேலும் தாழ்ந்தது. தொடக்கத்தில் செக்கனுக்கு 7.67 கிலோமீற்றர் ஓடியது, கடைசி நாட்களில் 7.8ஐத் தொட்டிருக்கும். தடுக்கப்பட்ட பொருள் வேகம் கூடி முடிந்தது. 2021இல் அது வளிமண்டலத்தில் எரிந்துபோனது. ஒரு கிலோச் செய்மதிக்கு இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட அந்த வாழ்வு குறையொன்றும் இல்லை. விண்வெளி நிலையமும் இதே உரசலில் தாழ்ந்துகொண்டேதான் இருக்கிறது. இடையிடையே எஞ்சினை இயக்கி உயர்த்திவிடுகிறார்கள்.

சந்திரனுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. சந்திரனின் இழுப்பால் கடல் ஏறி வற்றுகிறது. நம் மேற்குக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் அரை மீற்றர் அளவு. களப்புக்குள் இன்னும் குறைவு. பூமி வேகமாகச் சுழல்வதால், சந்திரன் எழுப்பிய அந்தத் தண்ணீர் மேடு சந்திரனுக்குச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டு போகப்படுகிறது. முன்னால் போன மேடு சந்திரனை முன்னோக்கி இழுக்கிறது. அதனால் சந்திரன் என்ன செய்கிறது? உயரே ஏறி, மெதுவாகிறது. ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் நம்மைவிட்டு விலகுகிறது. அப்பலோ பயணிகள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளி பட்டுத் திரும்பச் செய்து அளந்த கணக்கு இது.

மூன்றாவது உதாரணம் கூரை டிஷ்களைப் பற்றியது. பூமி சரியான உருண்டை அல்ல என்பது தெரிந்ததே. பூமத்திய கோடும் சரியான வட்டம் அல்ல என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதன் நீண்ட ஆரைக்கும் குறுகிய ஆரைக்கும் ஏறத்தாழ 70 மீற்றர் வித்தியாசம். ஒரு புடைப்பு ஆபிரிக்காவுக்கு மேற்கே, மற்றது பசிபிக் கடலில். இடையே உள்ள இரண்டு ஒடுங்கிய இடங்களில் ஒன்று கிழக்கு 75 பாகை, மாலைதீவுக்குப் பக்கத்தில். கரைத்தீவு ஏறத்தாழ கிழக்கு 80 பாகையில் இருக்கிறது. ஆக அந்த இடம் நமக்கு ஐந்து பாகை மேற்கே.

உள்ளூர்ச் சேவையின் செய்மதி கிழக்கு 45 பாகையில் இருக்கிறது. அதற்குக் கிட்டிய புடைப்பு மேற்கே, ஆபிரிக்கப் பக்கத்தில். செய்மதி ஓடுவது கிழக்கே. ஆகவே அந்தப் புடைப்பு அதைப் பின்னோக்கி இழுக்கிறது. அது தாழ்ந்து, வேகம் கூடி, கிழக்கே நகர்கிறது. இந்தியச் சேவைகள் சிலவற்றின் செய்மதிகள் 90 பாகைக்கு அப்பால் உள்ளன. பசிபிக் புடைப்பு அவற்றை முன்னோக்கி இழுக்கிறது. அவை உயர்ந்து, மெதுவாகி, மேற்கே நகர்கின்றன. இரண்டும் போய்ச்சேரப் பார்க்கும் இடம் ஒன்றே: 75 பாகை. மேடு இழுக்க, செய்மதிகள் பள்ளத்தின் மேல் வந்து கூடுகின்றன! இப்படி நகராமல் இருப்பதற்காக அவை இடையிடையே சிறு எஞ்சின்களை இயக்கித் தம் இடத்தில் நிற்கின்றன. சூரியனும் சந்திரனும் வடக்கே தெற்கே இழுப்பதைச் சரிசெய்ய இன்னும் அதிக எரிபொருள் போகிறது. எரிபொருள் தீரும் கட்டத்தில், வளையத்துக்குச் சுமார் 300 கிலோமீற்றர் மேலே தூக்கி ஒதுக்கி வைப்பது வழக்கம். அப்படி ஒதுக்க முடியாமல் வழியில் செயலிழந்தவை பல, 75 பாகையின் இரு பக்கமும் போய்வந்தபடி அலைகின்றன. கரைத்தீவில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்றுத் தென்மேற்கே சாய்ந்த பக்கம் அது.

இந்தப் பள்ளத்தைக் கைத்தொலைபேசியிலும் காணலாம். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் உலகிலேயே ஈர்ப்பு மட்டம் மிகத் தாழ்ந்த பகுதி இருக்கிறது. அங்கே கடல் மட்டம், பூமிக்கென்று கணக்கிட்டு வைத்த சீரான வடிவத்தைவிட நூறு மீற்றருக்கு மேல் தாழ்வு. அந்தத் தாழ்வு நம் கரைவரை நீள்கிறது. திருத்தம் செய்யாத ஜீபீஎஸ் உயரத்தைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து கரைத்தீவுக் கரையில் நின்றால், நீங்கள் கடல் மட்டத்துக்கு 90 மீற்றருக்கும் மேல் கீழே நிற்பதாக அது காட்டும். கருவி பழுதாகவில்லை. செய்மதிகள் அளப்பது அந்தச் சீரான வடிவத்திலிருந்து. கடல் கிடப்பது ஈர்ப்பு வைத்த இடத்தில். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் 2023இல் இதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது இருந்த பழைய தெத்திஸ் கடலின் தரை பூமிக்குள் ஆழ அமிழ்ந்தது. அது ஆபிரிக்காவுக்குக் கீழே கிடந்த சூடான, அடர்த்தி குறைந்த பாறையைக் கிளப்பிவிட, அந்தப் பாறை இந்து சமுத்திரத்தின் கீழ் வந்து சேர்ந்தது என்பது அதன் சாரம். அடர்த்தி குறைந்த இடத்தில் இழுப்பும் குறைவு.

கரைத்தீவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், ஏறத்தாழ 200 கிலோமீற்றர் மேற்கே, இங்குள்ள அதே அகலக்கோட்டில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரபட்டினம் இருக்கிறது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பெயர்போன ஊர். அங்கே இந்தியாவின் இரண்டாவது ரொக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணமே இலங்கைதான். துருவங்களின் மேலாகச் சுற்றும் செய்மதிகளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். முதல் ஏவுதளம் இருக்கும் சிறீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. ஆட்கள் வாழும் நிலத்தின்மேல் எரிந்த பாகங்கள் விழக்கூடாது என்பதற்காக, அங்கிருந்து ஏறும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் முதலில் தென்கிழக்கே போய், தீவைத் தாண்டியபின் தெற்கே திரும்புகிறது. செக்கனுக்குக் கிலோமீற்றர் கணக்கில் ஓடும் ஒன்றைத் திருப்புவது இலேசான காரியம் அல்ல. அதற்குச் செலவாகும் எரிபொருளின் அளவுக்கு ஏற்றிச்செல்லும் செய்மதியின் எடையைக் குறைக்க வேண்டியிருக்கும். சிறிய ரொக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசேகரபட்டினத்திலிருந்து தெற்கே திறந்த கடல்.

அங்கிருந்து ஒரு ரொக்கெட் ஏறும் நாளில், வானம் தெளிவாக இருந்தால், கரைத்தீவில் நிற்பவர்கள் மேற்கே பார்க்கலாம். அது 3 கிலோமீற்றர் அளவு உயர்ந்ததும் கடலின் வளைவுக்கு மேலே தலைகாட்டும். பிறகு அது நேர் மேலே போய்க்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடதுபக்கமாக, தெற்கே, சாய்ந்துகொண்டே போகும். ஒரு செய்மதியை 500 கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு வேண்டிய சக்தியைப் போல ஆறு மடங்கு, அந்த உயரத்தில் விழாமல் விழுவதற்கான பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதற்கு வேண்டும். ரொக்கெட்டின் எரிபொருளில் பெரும்பகுதி அதற்கே போகிறது.